எழுபது அடி ஏணி

துறைமுகத்துக்குள் இருந்த அந்தத் தனியார் கன்டெய்னர் யார்டில் பெண்களைக் கிரேன் ஓட்ட விடாததற்கு மகாராஜன் பத்து வருஷமாக ஒரே காரணத்தைத்தான் சொல்லிவந்தார். எழுபது அடி ஏணி. "பொம்பளப் பிள்ளைக அம்புட்டு உயரம் ஏறுமா? கால் வழுக்குச்சின்னா யாரு பதில் சொல்லுதது?" என்பார். யார்டுக்கு அவர்தான் மேலாளர். அவர் அந்த ஏணியில் ஒரு படி ஏறிக்கூட யாரும் பார்த்ததில்லை.

போன வருஷம் கிரேன்களில் கேமரா பொருத்தினார்கள். இனி ஓட்டுநர் மேலே ஏற வேண்டாம். அலுவலக மாடியில், ஏசி அறையில், திரையைப் பார்த்துக் கைப்பிடியை அசைத்தால் போதும். எட்டுப் பேர் தேவை, யார்டில் வேலை செய்யும் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

எமில்டா விண்ணப்பித்தாள். திரேஸ்புரத்துக்காரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். அறுபது பேர் வகுப்பில் பெண்கள் ஐந்தே பேர். மற்ற நால்வரில் ஒருத்திகூட படித்த வேலையில் இல்லை. அவளுக்கும் யார்டில் கிடைத்தது கன்டெய்னர் எண்களை டைப் அடிக்கும் வேலைதான். அது பொறுமை வேண்டிய வேலை, பெண்களுக்கென்றே அமைந்தது என்று மகாராஜன் சொல்லியிருந்தார்.

நிஜக் கிரேன்போலவே இயங்கும் கம்ப்யூட்டர் மாதிரியில் தேர்வு நடந்தது. முப்பத்தொரு பேர் ஓட்டியதில் எமில்டா முதலாவது. ஒரு மணி நேரத்தில் இருபத்தாறு கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி இறக்கினாள், ஒன்றுகூட எங்கும் இடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. எட்டுப் பேரும் ஆண்கள்.

அவள் நேராக மகாராஜன் அறைக்குப் போனாள்.

"சார், நான்தான முதல்ல வந்தேன்?"

"வந்தே, யாரு இல்லேன்னா? ஷிப்ட் வேலைம்மா இது. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆவும், பிள்ள வரும். குடுத்த டிரெய்னிங் பூரா வேஸ்ட்டுல்லா?"

"செந்தூர்வேல் அண்ணனுக்குப் போன மாசந்தான் பிள்ள பொறந்துச்சு. அவரு பதினொண்ணாவது. அவரு பேரு பட்டியல்ல இருக்கு."

"அவன் ஆம்பளல்லா" என்றார், கணக்குக்கு விடை சொல்வதுபோல.

ஏணி தேவையில்லாமல் போன பிறகு அடுத்த சாக்கைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எமில்டாவுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை சின்ன மனுஷனுக்கா இரண்டு வருஷமாக எழுந்து நின்று வணக்கம் வைத்தோம் என்றுதான் தோன்றியது.

"விட்டுத் தள்ளுளா, வேலைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றாள் வீட்டில் அம்மா பிலோமினா.

"அந்த ஆளுக்குக் கிரேன்ல எந்தப் பக்கம் தூக்கும், எந்தப் பக்கம் எறக்கும்னே தெரியாதும்மா. அவரு எனக்கு மார்க் போடுதாராம்!"

மார்ச்சில் பெண்கள் தினத்துக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வந்தார். முந்தின நாளே மகாராஜன் எமில்டாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஹெல்மெட் மாட்டிக்கிட்டு மேல மூணாம் நம்பர் சீட்ல உக்காரு. ஒண்ணையும் தொட்டுராத. போட்டோ எடுப்பாங்க, சிரி."

உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. இயக்குநர் அவளருகே வந்து, மணிக்கு எத்தனை பெட்டி தூக்குகிறாய் என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் மகாராஜன் முந்திக்கொண்டார். "இருபத்தாறு சார்!"

"அது தேர்வுல சார்" என்றாள் எமில்டா. "முதல்ல வந்தேன், எடுக்கல. கீழதான் டைப் அடிக்கேன். போட்டோவுக்காக இங்கன உக்கார வச்சிருக்காங்க."

போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். இயக்குநரும் பெரிய நியாயவான் ஒன்றுமில்லை. விஷயம் பத்திரிகைக்குப் போய்விடுமோ என்றுதான் அவர் முகம் வெளுத்தது. தேர்வுப் பட்டியலைத் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம், ஒன்பதாவதாக ஓர் இருக்கை சேர்த்து அதில் எமில்டாவை நியமித்து உத்தரவு வந்தது. அதைக் கொடுக்கும்போது மகாராஜன் குழைந்தார். "ஒனக்காவ மேல நான்தாம்மா பேசுனேன்."

"யாருகிட்ட சார்?"

அவர் மேசையில் எதையோ தேடினார். அவள் உத்தரவை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் வெளியே வந்தாள்.

இப்போது அவள் மணிக்கு இருபத்தெட்டு தூக்குகிறாள். போன வாரம் யாரோ கல்லூரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்த மகாராஜன், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பெண்களுக்கு வாய்ப்புக் கொடுப்பதில் தனக்கு எப்போதும் எவ்வளவு அக்கறை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

எமில்டா திரும்பவில்லை. "பெட்டி தொங்குது சார். பேசணும்னா வெளிய போய்ப் பேசுங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் பெட்டியை லாரிமேல் மெல்ல இறக்கினாள்.