பொடுதலை மேல் ஓடிய மெஷின்

பள்ளி முற்றத்துப் புல்லுக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் வீணாகி, அது வைக்கோலாய்க் காய்ந்ததால், தோட்டக்காரி அதைப் பெயர்த்துவிட்டுப் பொடுதலையை நட்டாள். தரையோடு தரையாகப் படரும் கொடி அது; கணுவுக்குக் கணு வேர்விடும்; அதிகத் தண்ணீர் கேட்காது. மூன்றே மாதங்களில் மண் கண்ணில் படாதபடி முற்றத்தை மூடிக்கொண்டது.

பிறகுதான் வினை வந்தது. கொடி பூத்தது, பூவைத் தேடித் தேனீக்கள் மொய்த்தன. அதுவோ சிறுபிள்ளைகள் வெறுங்காலோடு ஓடியாடும் முற்றம்!

“லீவு முடியறதுக்குள்ள தேனீ போகணும். இல்லேன்னா எல்லாத்தையும் தோண்டிட்டு சிமெண்ட் போட்டுடுவேன்,” என்றார் தலைமையாசிரியை.

தோட்டக்காரி ஐந்து நாள்கள் குனிந்த தலை நிமிராமல் பூக்களைக் கிள்ளினாள். இன்று கிள்ளிய இடத்தில் நாளை பூத்தது. ஆறாம் நாள், யோசனை கேட்க நாற்றுப்பண்ணைக்குப் போய்த் திரும்பியவள் வாசலிலிருந்தே முற்றத்துக்கு ஓடினாள். அதே பள்ளியில் இருபது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் புல்வெட்டும் கணவன், மெஷினை முற்றம் முழுவதும் ஓட்டி முடித்திருந்தான். எஞ்சியவை பழுப்புக் குச்சிகளே.

“ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? இது புல்லா?”

“பச்சையா தரையில கெடந்துச்சு. சனிக்கிழமை வேற. கை அரிச்சுது, வெட்டிட்டேன்.”

“சனிக்கிழமைன்னா என் தலைமுடியையும் வெட்டுவீங்களா?”

“அதுக்கு வேற மெஷின் வேணுமே!”

நான்கு நாள்கள் அவள் குச்சிகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். சிமெண்ட் மூட்டைகள் கனவிலும் வந்தன. ஐந்தாம் நாள் ஒவ்வொரு கணுவிலும் தளிர் கண்டாள். பள்ளி திறக்கும் நாளில் முற்றம் முன்னைவிட நெருக்கமாய், தாழ்வாய்த் தழைத்திருந்தது. ஒரு பூ இல்லை. ஒரு தேனீயும் இல்லை.

தலைமையாசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்.

“தேனீயை எப்படிம்மா வெரட்டினே?”

“பூவை மட்டும் கிள்ளாம, அப்பப்ப கொடியோட சேத்து வெட்டிவிட்டா பூ வராது டீச்சர். பூ இல்லாத எடத்துல தேனீக்கு என்ன வேலை?”

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

“இப்பத்தான் தெரிஞ்சுது டீச்சர்.”

“சரி, இதுவே இருக்கட்டும்.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மணியடித்ததும் பிள்ளைகள் கூச்சலோடு முற்றத்தில் இறங்கினார்கள். ஒருவரும் காலைப் பிடித்துக்கொண்டு அலறவில்லை. தோட்டக்காரி படிக்கட்டில் அமர்ந்து, பல நாள்களுக்குப் பிறகு முதுகை நிமிர்த்தினாள்.