வரிசையைக் கலைத்தவள்

1

"பதினெட்டு கக்கூஸா? நாடகக் கொட்டகை கட்டுறியா, ரயில்வே ஸ்டேஷன் கட்டுறியா?"

"கத்தாதீங்க மாமா. பொம்பளைங்க நாப்பது நிமிஷம் கால் மாத்தி மாத்தி நிக்கறாங்க, தெரியுமா?"

"தெரியாம? அவங்க நிக்கறதாலதான் என் டீ விக்குது!"

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தச் சண்டையை நான் பார்க்கவில்லை. கலையரங்கத்தின் பெண்கள் கழிப்பறை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் சொன்னது. இருப்பதே இரண்டு. அதனால் பதினைந்து நிமிட இடைவேளை நாற்பது ஆகும். காத்திருக்கும் கணவன்மார் இரண்டாவது டீ குடிப்பார்கள். என் கதைகளில் பாதி அங்கே கிடைத்தவை. (மீதிப் பாதியைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

2

கத்தியவர் கேண்டீன்காரர். எதிரே நின்றவள் அவருடைய கொழுந்தியாள். அரங்கத்தைப் புதுப்பிக்க வந்த கட்டடக் கலைஞர். கைப்பையில் எப்போதும் அளவு நாடா கிடப்பதால் எங்களுக்கு அவள் 'டேப்பு'.

இவளை நல்லவளாக எழுதுவதா, பழிவாங்குகிறவளாகவா? 'அக்காவின் கல்யாணத்தன்று மாமா இவளை' - வேண்டாம், அந்த வரியை அடித்துவிட்டேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்தப் பேச்சு கழிப்பறை வரிசைக்கு வந்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். அவள் அளக்க வந்த அன்று, உள்ளே நாடகத்தின் இரண்டாம் பாதி. அக்கா கேண்டீனுக்குப் பின்னால் மலையாகக் குவிந்த கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இதுல கடைசியில என்னக்கா ஆகும்?"

"யாருக்குடி தெரியும்? பத்தொன்பது வருஷமா ஒரு நாடகத்துக்கும் முடிவு தெரியாது எனக்கு. கழுவி முடிக்கறதுக்குள்ள கைதட்டிடறாங்க."

டேப்பு வரைபடத்தை விரித்தாள். நிர்வாகக் குழு ஆசையாகக் கேட்டிருந்த பளிங்குத் தூண்களை அழித்தாள். 2 என்றிருந்த இடத்தில் 18 என்று எழுதினாள்.

3

திறப்பு விழாவன்று, அண்டா நிறைய டீயோடு கேண்டீன்காரர் கண்ணீர் மல்க - அவர் அழுகிற ஆளா என்ன? வேறு மாதிரி எழுதுகிறேன்.

இடைவேளையில் பெண்கள் எட்டே நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள். மணி அடித்தது. பாதி டீ மிஞ்சியது. கழுவ நாலைந்து கிளாஸ்தான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்தார் கேண்டீன்காரர்.

"ஏய், எழுந்து வா. பொழப்பே போச்சு, நாடகம் பாக்கறியா?"

"ஷ்ஷ்! தம்பிக்காரன் உண்மையச் சொல்லப்போறான், இருங்க."

பக்கத்து இருக்கை காலி. அவரை அதில் உட்காரவைத்தால் கதை இனிப்பாக முடியும். அவர் உட்காரவில்லையாம்.

4

பிறகு டேப்பு, மேடைக்கு விளக்கு போட வந்த எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனாள். கேண்டீன்காரர் பக்கத்து ஊரில் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கடையை மாற்றினார். அக்காவைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை புது நாடகம். முடியட்டும், வர்றேன்" என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொரு நாடகம்.

அவள் போனாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அவளை அவரிடம் அனுப்பமாட்டேன். குடும்பத்தைப் பிரித்தவள் என்பீர்கள். அந்தப் பெயர் எனக்கு ஏற்கெனவே இரண்டு தெருவில் இருக்கிறது.