தெருவிலேயே உயரமான நட்சத்திரம்

மதியத்திலிருந்து ஒன்பதாவது முறையாக லைட் லைன் பிரேக்கர் விழுந்தது. ஆறு மணிக்கு மகள் டார்லினைப் பெண் பார்க்க நாசரேத்திலிருந்து வருகிறார்கள். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானையா வீட்டில் ஃபேன் சுற்றியது, மிக்ஸி அரைத்தது, லைட் மட்டும் எரியவில்லை.

"இருட்டுல பொண்ணைக் காட்டினா, என்னத்தையோ மறைக்கோம்னு நினைப்பாவ" என்றாள் மனைவி சாலோமி. துணிக்கடையில் சேலையை இருட்டு மூலையில் விரித்தால் யார் நம்பி எடுப்பார்கள்?

எலக்ட்ரீஷியன் மாரிராஜ் எல்லா லைட் சுவிட்சையும் அணைத்துவிட்டு பிரேக்கரைத் தூக்கினான். டக்கென்று விழுந்தது.

"எல்லாம் ஆஃப்ல இருக்கும்போதே விழுது. சுவிட்சு இல்லாம எதையாவது நேரா லைன்ல கொடுத்திருக்கியளா சார்வாள்?"

"அப்படி எதுவும் இல்லவே" என்றார் ஞானையா, மாடிப் பக்கம் பார்க்காமல்.

"அப்பம் சுவரை உடைச்சுத்தான் பாக்கணும். ரெண்டு நாளாகும்."

"ஒரு மணி நேரத்துல முடியாதா?"

"முடியும். நீங்க உண்மையைச் சொல்லணும்."

சாலோமி அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்து சொன்னார். மாடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். எதிர்வீட்டு ஜோஷுவாவுடையதைவிட நாலடி உயரம். சாலோமி தினமும் பத்து மணிக்கு அதை அணைத்துவிடுவாள். ஜோஷுவாவுடையதோ விடிய விடிய எரியும். பொறுக்காமல் போன வாரம் சுவிட்சைத் தாண்டி அவரே வயரைக் கட்டிவிட்டு, சுவிட்சு ரிப்பேர் என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

நேற்றைய மழையில் பல்பு ஹோல்டருக்குள் தண்ணீர். மாரிராஜ் வயரைத் துண்டித்து, காயட்டுமென்று நட்சத்திரத்தைக் கம்போடு இறக்கினான். பிரேக்கர் விழாமல் நின்றது.

"சுவிட்சு நல்லாத்தான இருக்கு" என்றாள், மாடிக்கு வந்து பார்த்த சாலோமி. ஞானையா நாற்காலிகளை வரிசைப்படுத்தக் கீழே இறங்கினார்.

ஆறு மணிக்கு வீடு நகைக்கடை போல ஜொலித்தது. ஆறரை ஆகியும் ஒருவரையும் காணோம்.

"ஏங்க, வழி சரியாச் சொன்னியளா?"

"சொல்லாம? தெருவுலயே உசரமா ஒரு நட்சத்திரம் எரியும், அதான் நம்ம வீடுன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாசலுக்கு ஓடினார். எதிர்வீட்டில் எரிந்த நட்சத்திரத்தின் கீழே ஒரு கார் நின்றது. உள்ளேயிருந்து ஜோஷுவாவின் குரல் கேட்டது:

"யாரு எவருன்னு பைய விசாரிச்சுக்கிடலாம் அண்ணாச்சி, மொதல்ல உக்காருங்க."

ஜோஷுவாவின் மகள் கரோலின் காப்பித் தட்டோடு ஹாலைக் கடந்தாள்.

பலகார வாசனையில் இன்னும் கிளம்பாமலிருந்த மாரிராஜிடம் ஞானையா திரும்பினார்.

"ஏலே, நட்சத்திரத்தை மேல ஏத்துலே."

"ஈரம் காயணும் சார்வாள். ரெண்டு நாளாகும்."