அய்யனாரை நம்பி வரைந்த நீலக் கோடு

1.
என் லேப்டாப் திரையில் ஒரு கோடு நகர்ந்துவிட்டது. இந்தக் கதை எழுத அதுதான் காரணம். நகர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

முதல் வரி இப்படி வைத்திருந்தேன்: பாகூர் மண்ணுக்கடியில் ஆயிரம் நீர்த்தடங்கள் உறங்கு— 

வேண்டாம். எதுவும் உறங்கவில்லை.

2.
கல்லூரித் தோழி ஸ்டெல்லாவும் அவள் கணவர் பாக்யராஜும் பாகூர் பக்கம் வீடு கட்டுகிறார்கள். சுவர் எழும்பிவிட்டது, நாளை காலை மேல்தளம் ஊற்றுகிறார்கள். ஆனால் தரை ஈரம் மட்டும் காயவே மாட்டேன் என்கிறது. தூர்ந்துபோன வாய்க்கால் ஒன்று அங்கே போகிறது என்று ஊரில் பேச்சு. நானும் எங்களோடு படித்த புகழ்வேந்தனும் பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்தை இன்றைய சாட்டிலைட் படத்தின்மேல் பொருத்தினோம்.

(பொருத்த, அன்றும் இன்றும் இடம் மாறாத மூன்று புள்ளிகள் வேண்டும். ஏரி மதகு, சர்ச், அய்யனார் கோயில். சாமி எங்கே போய்விடப் போகிறார்?)

வாய்க்கால், அதாவது நீலக் கோடு, பக்கத்துக் காலி மனையில் ஓடியது. பாக்யராஜுக்குப் போன் போட்டுச் சொன்னோம். நிம்மதியாகச் சிரித்தார்.

3.
புகழ்தான் முனகிக்கொண்டே இருந்தான். "மதகும் சர்ச்சும் கச்சிதமா ஒக்காருது மச்சி. அய்யனாரு மட்டும் இழுக்குறாரு."

"சாமியவே சந்தேகப்படுறியா நீ?"

டீ கொண்டுவந்த ஸ்டெல்லா நின்றாள். "அய்யனாரா? ரோடு அகலம் பண்ணசொல்ல அவர இந்தாண்ட தள்ளி வெச்சாங்களேடா! குதிரைய கிரேன்ல தூக்குனாங்க. வேடிக்க பாத்துக்குனு நாங்க ஸ்கூலுக்கே போவல."

"எங்க குலசாமிடி அது! எனக்கே தெரியாதே!" என்றான் புகழ்.

(கும்பாபிஷேகம் ஆகிவிட்டால் பழைய இடத்தைப் பற்றிப் புகழ் வீட்டில் பேச மாட்டார்களாம். சாமி இருப்பதுதான் இடம். ஸ்டெல்லா வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு என்ன?)

புகழ் புள்ளியைப் பிடுங்கி, அவள் காட்டிய பழைய இடத்தில், நடு ரோட்டில் வைத்தான். கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. காலி மனையை விட்டது. ஸ்டெல்லாவின் ஹாலுக்குள் நுழைந்து படுக்கையறை வழியாக வெளியேறியது.

"இன்னாடா இது," என்றாள் ஸ்டெல்லா.

"இதும்மேல தளத்த ஊத்துனா, செவுரு..." புகழ் முடிக்கவில்லை. நானும் முடித்து எழுதப்போவதில்லை.

4.
இந்த இடத்தில் ஸ்டெல்லா அழுததாக எழுதினேன். தோள்வழியே படித்துவிட்டாள்.

"நான் எங்கடா அழுதேன்? அட்ச்சிடு அத."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

"கததானே? கோட்ட பக்கத்து மனைக்கே தள்ளிவுட்டுடேன்."

தள்ளலாம். ஒரு விரல் போதும். அந்த மனைக்காரருக்கு நான் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

5.
முடிவு ஒன்று: பாக்யராஜ் தளத்தை நிறுத்திவிட்டு, கட்டிய சுவரைப் பார்த்தபடி—

முடிவு இரண்டு: ஐப்பசி மழையின் முதல் வாரத்தில், படுக்கையறையில்—

இரண்டையும் எழுத முடியவில்லை. போன் அடிக்கிறது. பாக்யராஜ். ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டுகிறாள்.

"தம்பி, கம்பி கட்டியாச்சிப்பா. மேஸ்திரி கேக்குறாரு. வாய்க்கா அந்த மனையிலதான? நாளைக்கு ஊத்திடலாமில்ல?"

மேற்கோள் குறியைத் திறந்து வைத்திருக்கிறேன். அவர் லைனில் இருக்கிறார், பதிலை நீங்களே சொல்லுங்கள்:

"