உப்புப் பார்க்கிற கை

சாரம்மாள் கையில் வலி எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றபோதே, ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சும்மா வாங்கிக்கொண்டு வருகிற ஆளா அவள்? இருபது வருஷச் சிநேகத்தில் கறிவேப்பிலைகூட என் வீட்டுக் கொல்லையில்தான் பறித்திருக்கிறாள்.

“ஏட்டி யூனிசு, நாளைக்கு அசனத்துக்கு நீ சமையலுக்கு வர வேண்டாம். கால் வலியோட எதுக்குக் கெடந்து கஷ்டப்படுத? ஒனக்குச் சாப்பாட்டைத் தூக்குவாளியில வீட்டுக்கே கொண்டாந்து தாரோம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்லுதாவ.” தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அசனம் எங்கள் சபைக் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை. ஆயிரம் பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பதினான்கு வருஷமாகச் சாம்பாருக்கு உப்புப் போடுகிற கை என் கை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து நான் தலையசைத்த பிறகுதான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும்.

என் வீட்டுக்காரர் தேவசிகாமணி பம்பாய்க்கு லாரி ஓட்டினார். தொண்ணூற்றாறில் போய்ச் சேர்ந்தார், போகும்போது எச்.ஐ.வி.யை எனக்கு வைத்துவிட்டுப் போனார். அந்த மனுஷன்மேல் கோபமும் தீரவில்லை, அழுகையும் தீரவில்லை. இத்தனை வருஷம் மறைத்த விஷயத்தைப் போன மாசம் சாரம்மாள் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் இரண்டு பக்கமும் பெஞ்சு காலியாக இருந்தது.

கால் வலி பொய்யில்லை. உள்ளங்காலில் மிளகாயை அரைத்துப் பூசினதுபோல எரியும். நடுநடுவே உடம்பு குப்பென்று வேர்க்கும். “இது நோயா, வயசா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “நாப்பத்தேழு வயசுல ரெண்டும் கூட்டுச் சேர்ந்துதான் வரும், யூனிஸ்” என்று சிரித்தார். வலியை வலி என்று ஒத்துக்கொள்கிற ஒரு ஆள் வேண்டாமா? அதற்காகவே அவரிடம் போகிறேன். கோயில் பெண்களுக்கோ என் வலி என்னை ஒதுக்க ஒரு சாக்கு. எண்ணெய்க் குப்பியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் தேய்த்துக்கொண்டேன். நல்ல எண்ணெய்தான்.

மறுநாள் காலையில் இரண்டு ஜோடிக் காலுறை மாட்டிக்கொண்டு பைய நடந்து போனேன். கோயிலுக்குப் பின்னால் பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி தன் அரிவாள்மனையைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“கால்தான் வலிக்கி. நாக்கு நல்லாத்தான் இருக்கு” என்றேன். “காய் வெட்டவிடப் பயமா இருந்தா வேண்டாம், விடுங்க. சேந்து சமைச்சா, சேந்து தின்னா இது ஒட்டாது. நம்பிக்கை இல்லன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா கால் வலியச் சொல்லி என்னை வீட்ல இருத்தாதிய. அது என் வலி. ஒக்காரணும்னா நானே ஒக்காந்துக்கிடுவேன்.”

சொல்லிவிட்டு அண்டாப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. சாம்பார் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“உப்பு போட்டாச்சா?”

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். என் வேலையை எல்லாம் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டவர்கள் உப்பை மறந்திருக்கிறார்கள்! ஆயிரம் பேர் சாப்பாட்டில் கைவைக்க இப்போது எவளுக்கும் தைரியம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்தேன்.

எழுந்து நின்றேன். கால் சுரீரென்றது. வலிக்கட்டும். கைப்பிடி கைப்பிடியாக உப்பை அள்ளிப் போட்டுத் துடுப்பால் கிளறி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அசனத்துக்கு ஒரு நாக்கு போதாது, இரண்டாவது நாக்கும் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷமும் அது சாரம்மாளின் நாக்கு.

“இங்கன வாட்டி.”

வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள். நான் அகப்பையைச் சாய்த்தேன். உள்ளங்கைக் குழியில் சாம்பார் மஞ்சளாக நின்று ஆவி விட்டது.

ஆறட்டும் என்று ஊதினாள். இன்னொரு தடவையும் ஊதினாள். பின்னால் காய் வெட்டுகிற சத்தம் ஒன்றுகூட இல்லை. நான் உப்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னும் எவ்வளவு போடச் சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.