மூன்று கம்பளியும் ஒரு பெல்ட்டும்

டிரையர் உறுமியது; சுற்றவில்லை. அதற்குக் காரணம் யார் என்று காலை எட்டு மணிக்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

“கழுதைக்குப் பொதி ஏத்தற மாதிரி ஏத்தினா எந்த மிஷின்தான் தாங்கும்?” என்றாள் மூத்தவள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். மூன்று வாரமாக அவள் இளையவளிடம் பேசுவதெல்லாம் சுவர் வழியாகத்தான்.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். மாடியில் குடித்தனம், கீழே லாண்டரி. மாடியில் அடுப்பு, அலமாரி, டிவி ரிமோட் எல்லாம் மூத்தவளின் ஆட்சி. இளையவளின் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். வருடத்துக்கு ஒரு முறை வந்து தூங்கிவிட்டுப் போவான். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது கடையின் ஜன்னலோர மேசை, ஒரு ஸ்டூல், ஷட்டரின் இரண்டாவது சாவி. சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் சுற்றியிருப்பாள். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று மூத்தவள் கிண்டல் செய்வாள். உண்மைதான், கழற்றுவதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் டிரையரின் பெல்ட் அறுந்தது. மூத்தவளின் தம்பி வந்து புதிது மாட்டினான். தெருமுனையில் அவனுக்கு டயர்க் கடை. ஊரே அவனை டயர்க்காரர் என்றுதான் கூப்பிடும். அவன் மாட்டிய நாளிலிருந்து டிரம் காலியாக இருந்தால் பம்பரமாய்ச் சுற்றும். ஈரத்துணி விழுந்தால் முனகும், தயங்கும், நின்றுவிடும். “உங்க தம்பி கை வச்சதுலேருந்துதான்கா இப்படி” என்று இளையவள் ஒரு தடவை வாயை விட்டாள். அன்றிலிருந்துதான் சுவர்.

ஆனால் நேற்று நடந்தது அவள் தப்புதான். கம்பளி ஒன்றுக்கு மேல் போடக்கூடாது என்று மூத்தவள் சுவரிலேயே மார்க்கரால் எழுதி வைத்திருந்தாள். வெளியே விடாத மழை. லாட்ஜ்காரர் தன் மூன்று கம்பளிக்காக எதிரில் உட்கார்ந்து நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளையவள் மூன்றையும் ஒரேயடியாகத் திணித்தாள். டிரம் அரைச்சுற்று வந்து நின்றது. கருகிய வாடை அடித்தது. லாட்ஜ்காரரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மூன்றையும் வெளியே உருவி வாளிக்குப் பின்னால் வைத்தாள். ஆனால் மூத்தவளின் மூக்குக்கு அந்த வாடை தப்பவில்லை.

“இப்ப என் தம்பி வருவான்” என்றாள் மூத்தவள். இந்த முறை சுவரிடம் இல்லை, நேரே. “பாரம் தாங்காமதான் போச்சுன்னு அவன் சொல்லிட்டா, சாவியை மேஜை மேல வச்சிட்டு மாடிக்குப் போயிடு. பெரியம்மா பொண்ணு சும்மாதான் இருக்கா. அவ வந்து உக்காந்துக்குவா.”

“சொல்லலைன்னா?”

“சொல்லுவான்.”

டயர்க்காரர் வந்தார். காலி டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். சுவிட்சைப் போட்டார். சுற்றியது. “நல்லாத்தானே ஓடுது?” என்றார். இளையவள் இரண்டு ஈர விரிப்புகளை உள்ளே எறிந்தாள். டிரம் முனகியது, தயங்கியது, நின்றது. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

“மோட்டார் காலி” என்றார். “பாரம் தாங்காம உள்ள காயில் கம்பி வெந்துபோச்சு.”

“தொறக்காமயே வெந்தது தெரியுதா? கண்ணுல எக்ஸ்ரே மாட்டியிருக்கீங்களா அண்ணே?”

“இந்தாம்மா, பதினஞ்சு வருஷமா வண்டி பாக்கறவன் நான்.”

“இது வண்டி இல்ல. மோட்டார் காலின்னா இப்படி உறுமுமா?”

“உறுமறதெல்லாம் வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல” என்றார், அவளை மேலும் கீழும் பார்த்தபடி.

மூத்தவள் சிரித்தாள். “தொறந்து காட்டுடா. அம்மணி கண்ணால பாத்துட்டே மாடி ஏறட்டும். சாவி?”

இளையவள் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். தோலில் வெளுத்த கோடு ஒன்று தெரிந்தது. சாவியை மேசைமேல் வைத்தாள்.

டயர்க்காரர் திருப்புளியோடு குனிந்தபோது பிளக்கை உருவியது அவள்தான். “ஷாக் அடிச்சு வச்சா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க” என்றாள்.

மேல்தகடு வந்தது. முன்தகடும் வந்தது. டிரம்மின் அடியில் கறுப்புப் பொடி படிந்திருந்தது. டயர்க்காரர் அதை விரலில் தொட்டு அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். “கரி. எரிஞ்ச கரி.”

மூன்று கம்பளியின் எடை இளையவளுக்குத் தெரியும். நனைந்த பிறகு எவ்வளவு என்பதும் தெரியும். ஒருவேளை உண்மையிலேயே நான்தான் எரித்துவிட்டேனோ? ஆனாலும் குனிந்து பொடியைக் கிள்ளி மோந்தாள். கரி இல்லை. ரப்பர்.

முழங்காலிட்டு டிரம்மைச் சுற்றியிருந்த பெல்ட்டைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக அவள் தினமும் செய்கிற வேலை, துவைக்கப்போடும் துணியை எல்லாம் உள்வெளியாகத் திருப்புவது. சட்டையோ கால்சட்டையோ, எது நல்ல பக்கம், எது தையல் பக்கம் என்று பார்க்க அவளுக்குக் கண்கூட வேண்டாம். பெல்ட்டின் மேலே விரலை ஓட்டினாள். மெல்லிய கோடுகள், சீப்பால் வாரியதுபோல. ஓரத்தைச் சற்றே முறுக்கி உள்பக்கத்தைப் பார்த்தாள். வழவழப்பு. அதில் கம்பெனியின் பெயர், வெளியே தெரிய வேண்டிய எழுத்து, டிரம்மோடு ஒட்டிக் கிடந்தது. மோட்டாரின் சின்னச் சக்கரத்தைப் பார்த்தாள். அதிலும் அதே மெல்லிய கோடுகள்.

“அண்ணே, சட்டையை உள்வெளியா மாட்டி விட்டிருக்கீங்க.”

“என்னது?”

“பெல்ட்டு. கோடு வெளிய இருக்கு.”

“வெளியதான் இருக்கணும்!” டயர்க்காரரின் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. “டயர்ல கோடு எந்தப் பக்கம் இருக்கு? ரோட்டைப் பிடிக்க வேணாமா?”

“இங்க ரோடு எங்கண்ணே இருக்கு?”

அவர் குனிந்து பெல்ட்டைப் பார்த்தார்.

“இது பிடிக்க வேண்டியது அந்தச் சின்னச் சக்கரத்தை. அது பெல்ட்டுக்கு உள்ளதான இருக்கு. வழவழன்னு இருக்கிற பக்கத்தை வச்சா காலி டிரம்மை இழுக்கும். துணி விழுந்தா சறுக்கும். சறுக்கிச் சறுக்கித்தான் இந்தப் பொடி.”

“துணி தோய்க்கிறவ எல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா பாருக்கா.”

அவர் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. மூத்தவள் கையிலிருந்த துண்டை மேசைமேல் போட்டாள். “நானும் துணி தோய்க்கிறவதான்டா. திருப்பிப் போடு.”

“அக்கா...”

“திருப்பிப் போடுன்னேன்.”

போட்டார். முதல் தரம் பெல்ட் நழுவியது. இரண்டாவது தரம் இளையவள் முழங்காலால் டிரம்மைத் தாங்கிப் பிடித்தாள். தகடுகள் ஏறின. இளையவள் விரிப்புகளை எடுக்கப் போனாள்.

“அது வேணாம்” என்றாள் மூத்தவள். “வாளிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சியே மூணு கம்பளி, அதைப் போடு.”

“ஒண்ணுக்கு மேல போடக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்களேக்கா.”

“நேத்து உனக்குப் படிக்கத் தெரியலையோ? போடு. சுத்தினா பெல்ட்டு. நின்னா நீ.”

நியாயமில்லை என்று மூவருக்குமே தெரியும். இளையவள் சாவியைப் பார்த்தாள். பிறகு கம்பளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே தள்ளினாள். முழங்கை வரை ஈரம். கதவைச் சாத்தி, பிளக்கைச் செருகி, பொத்தானை அவளே அமுக்கினாள்.

மோட்டார் உறுமியது. டிரம் அசையவில்லை. ஒரு மூச்சு. டயர்க்காரரின் உதடு ஓரமாக விரிந்தது.

பிறகு டிரம் மெல்லப் புரண்டது. மேலே போன கம்பளி தொப்பென்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. வேகம் பிடித்தது. தொப், தொப், தொப் என்று தரை அதிர்ந்தது. யாரும் நகரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. கருகிய வாடை இல்லை. கண்ணாடிக் கதவில் ஆவி படர்ந்தது.

“பெல்ட்டே மட்டமான பெல்ட்டு” என்றார் டயர்க்காரர், கையைத் துடைத்தபடி. “அதுல எழுதியிருக்க வேணாமா, எந்தப் பக்கம்னு?”

“எழுதியிருந்துச்சு. நீங்கதான் அதை உள்ள வச்சு மறைச்சீங்க” என்றாள் இளையவள்.

“போய்க் கடையைப் பாருடா” என்றாள் மூத்தவள், தம்பியைப் பார்க்காமல். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஷட்டரில் தோளை இடித்துக்கொண்டது வேண்டுமென்றா, தற்செயலா, தெரியவில்லை.

இளையவள் சாவியை எடுத்தாள். மூத்தவள் தடுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. கயிற்றை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு இளையவள் சொன்னாள்: “நேத்து மூணு போட்டது தப்புதான்கா. அதை நான் இல்லைன்னு சொல்லல.”

“சொல்லித்தான் பாரேன்.”

மூத்தவள் மார்க்கரை எடுத்து, சுவரில் தான் முன்பு எழுதியிருந்த விதிக்குக் கீழே, எழுத்து கோணலாக, இன்னொன்று எழுதினாள்: பெல்ட் கோடு உள்பக்கம். மூடியை அழுத்திச் சாத்தினாள். திரும்பாமல், மறுபடி சுவரிடமே பேசினாள்.

“இனிமே இந்த மிஷின்ல எது போனாலும் நான் ஒருத்தரையும் கூப்பிடப் போறதில்ல. அவ்வளவு தெரிஞ்சவ நீயே தொறந்து பாத்துக்க. எங்கிட்ட வந்து நிக்காத.”

“சரிக்கா” என்றாள் இளையவள்.

டயர்க்காரர் ஆத்திரத்தில் தரையிலேயே விட்டுப்போன திருப்புளி காலில் தட்டுப்பட்டது. அதை எடுத்துத் துடைத்து, தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, அடுத்த மூட்டையின் முதல் சட்டையை உள்வெளியாகத் திருப்பத் தொடங்கினாள்.