பால் கொடுக்கும் நேரம்

எங்கள் மேற்பார்வையாளர் ஓட்வாருக்கு வாய் என்று ஒன்று இருப்பது சாப்பாட்டு இடைவேளையில்தான் தெரியும். வட நார்வேயில், எங்கள் தீவின் மீன் ஆலையில் பாதிப் பேர் அப்படித்தான். அவர்களுக்கும் சேர்த்து நான் பேசுவேன். அதனால்தான் என்னைத் தொழிற்சங்கப் பிரதிநிதி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

பிரசவ விடுப்பு முடிந்து சிக்னே வேலைக்குத் திரும்பிய வாரம், உடை மாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தாள். சட்டையெல்லாம் பாலில் நனைந்திருந்தது.

"புட்டிப்பாலே பழக்கிடலாம்னு இருக்கேன், குன்வோர். ஆனா புள்ளை புட்டியைத் தொடவே மாட்டேங்கறான். வேற என்ன வழி?"

"என்னடி வழி? வேலை நேரத்துல போய்ப் பால் கொடுக்கறது உன் உரிமை. சட்டத்துலயே இருக்கு. ஓட்வார்கிட்ட கேட்டியா?"

"பத்து மணிக்குப் போய்ட்டு வரட்டுமான்னு முதல் நாளே கேட்டேன். மூஞ்சி செவந்துடுச்சு, ஒண்ணும் சொல்லாம போயிட்டார். அன்னிலேர்ந்து தினமும் பத்து மணிக்கு எனக்குப் பின்னாடி வந்து நிக்கிறார். நான் நழுவிடுவேனோன்னு காவல். எனக்கு இந்த வேலை வேணும், குன்வோர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஓட்வாரிடம் போனேன். ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள், மரியாதையெல்லாம் கிடையாது.

"ஏண்டா, பச்சப்புள்ளையைப் பட்டினி போட்டுட்டு உனக்கு எப்படிடா ரொட்டி இறங்குது? அவளை அனுப்ப வேண்டியது உன் கடமை. தெரியுமா, தெரியாதா?"

ரொட்டியைக் கீழே வைத்தான். காதுவரை சிவந்துவிட்டது.

"தெரியும். அதுக்குத்தானே தினமும் கையுறை மாட்டிட்டுப் போய் நிக்கிறேன்."

"எதுக்கு?"

"அவ இடத்துல நான் மீன் வெட்டத்தான். இப்ப போவா, இப்ப போவான்னு பாக்கறேன். போகவே மாட்டேங்கறா. அதைப் போய் ஒரு பொண்ணுகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

என் கோபம் எங்கே போனதோ! கையுறையை மாட்டிக்கொண்டு, சொல்ல வாய் வராமல், தினமும் நின்றிருக்கிறான் மடையன். அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

"வாயைத் திறந்து சொல்லுடா. உனக்காக நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் பத்து மணிக்கு வந்து நின்றான். சிக்னேவின் தோள்கள் இறுகின. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கத்தினான்.

"சிக்னே! போ! புள்ளைக்குப் பசிக்கும்!"

ஆலையில் அத்தனை கத்திகளும் நின்றன. அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். எங்கள் நாட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்பாவுக்கும் விடுப்பு உண்டு; இப்போது விடுப்பில் இருப்பது அவள் கணவன் ஐவின். நான் சொல்லிவைத்தபடி, குழந்தையோடு வாசலில் காரில் காத்திருந்தான்.

ஓட்வார் கத்தி பிடித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவன் வெட்டிய துண்டுகளைப் பூனைக்குத்தான் போட வேண்டும். நானே அவற்றைப் பொறுக்கித் தனியாக வைத்தேன்.

சிக்னே திரும்பி வந்ததும் தரையைப் பார்த்தபடி கேட்டான்: "குடிச்சானா?"

"வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்கிட்டான்."

"நாளைக்கும் வந்து நிப்பேன்" என்றான் ஓட்வார்.